நம் வீட்டு மோடம்: டயல்-அப் காலம் முதல் பிரிட்ஜ் முறை வரை



சென்ற கூட்டம் முடிந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மூன்று வீட்டார் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணாச்சி, போன மாசம் அடிச்ச இடியில மோடம் போச்சு. லேண்ட்லைன்ல போடுற மாதிரி புது மோடம் எது வாங்கலாம்? பிரிட்ஜ் மோடுன்னு பையன் சொல்றான், அது என்னது?" மூவர் வீட்டிலும் இன்னும் செம்புக் கம்பி இணைப்புதான். ஒருவருக்கு மகன் குவைத்தில். இன்னொருவர் வீட்டில் வயதான அம்மா மட்டும் இருக்கிறார், பழைய நம்பரை மாற்ற அவருக்கு மனமில்லை. நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

குளச்சல் வரலாறு என்றாலே எல்லாரும் நேராக 1741-க்கும் மார்த்தாண்ட வர்மாவுக்கும் போய்விடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. முப்பது வருடம் பின்னால் போனால் போதும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில்தான் முதலில் கிடைத்தது. வேகம் 9.6 கே.பி.பி.எஸ். இன்று ஒரு வாட்ஸ்அப் படம் வருவதற்குள் அன்று ஒரு சாயா குடித்துவிடலாம். நம்மைப் போன்ற ஊர்களுக்கு இணையம் என்று ஒன்று வந்து சேர்ந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். 2000 அக்டோபர் 1-இல் பி.எஸ்.என்.எல். உருவானது. அதன் டயல்-அப் சேவைக்குச் சஞ்சார்நெட் என்று பெயர். 172233 என்ற எண்ணுக்கு மோடம் டயல் செய்யும். கீச்சு கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இணைப்புக் கொடுக்கும். நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும். இணையம் ஓடும்போது தொலைபேசி எப்போதும் எங்கேஜ்டு. வளைகுடாவிலிருந்து அழைப்பு வருகிற வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று பல வீடுகளில் சட்டமே இருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்த்ததுதான் டி.எஸ்.எல். அடிப்படை எளிது. நாம் பேசும் குரலுக்குக் கம்பியில் ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருந்தால் போதும். அதற்கு மேலே செம்புக் கம்பியில் ஏராளமான இடம் சும்மா கிடக்கிறது. அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் 1980-களில் ஒரு யோசனை சொன்னார்: வீட்டுக்கு வரும் பாதைக்கு அதிக இடம், வீட்டிலிருந்து போகும் பாதைக்குக் குறைந்த இடம் என்று பிரித்தால் வேகம் பல மடங்கு கூடும். ஏ.டி.எஸ்.எல். என்பதில் உள்ள ஏ அந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் முதலில் இதைக் கொண்டு கம்பி வழியாகத் திரைப்படம் காட்டத்தான் நினைத்தன. இணையத்துக்குப் பயன்பட்டது பிறகு நடந்த கதை. ஏ.டி.எஸ்.எல். 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையும், அதற்கு அடுத்து வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும் பயன்படுத்தின. பின்னதில் ஏட்டுக் கணக்கில் 24 எம்.பி.பி.எஸ். வரை போகலாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் இறங்கிக்கொண்டே வரும். நான்கைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் பிழைப்பதே கஷ்டம். நம் சுவரில் இருக்கும் சின்ன வெள்ளை ஸ்பிளிட்டர் செய்யும் வேலையும் இதுதான்: குரலை ஒரு பக்கம், இணையத்தை மறு பக்கம் பிரித்து அனுப்புகிறது.

இந்தியாவில் 2004 அக்டோபரில் அகன்ற அலைவரிசைக் கொள்கை வந்தது. 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட் என்று அது வரையறுத்தது. 2005 ஜனவரி 14-இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியது. அந்தத் தேதியை நம் ஊர்க்காரர் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சுனாமி வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. கொட்டில்பாட்டிலும் ஏ.வி.எம். கால்வாய்க் கரையிலும் நாம் இழந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இணைப்பு நம் பகுதிக்கு வந்து சேர மேலும் காலம் ஆனது.

வந்தபோது என்னவாக வந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. ஹுவாவே ஸ்மார்ட்ஏஎக்ஸ், யூ.டி.ஸ்டார்காம், ஐ.டி.ஐ. என்று பல பெயர்களில் சின்னப் பெட்டிகள் வந்தன. பொருத்த வந்தவர்கள் பெரும்பாலும் அவற்றை பிரிட்ஜ் முறையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஓர் இணைப்புப் படத்தை உருவாக்கிக் கொடுத்துப் போனார்கள். அதை இருமுறை சொடுக்கி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கனெக்ட் அழுத்த வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இதற்கான வசதி உள்ளேயே இருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் தனியாக ஒரு மென்பொருளைத் தேடிப் போட வேண்டியிருந்தது. ஆக, பிரிட்ஜ் முறை இன்றைக்குப் பையன்கள் கண்டுபிடித்த புது வித்தை அல்ல. நாம் பெயர் தெரியாமலே அதில்தான் தொடங்கினோம்.

அது என்ன செய்கிறது? கம்பியில் வரும் டி.எஸ்.எல். சமிக்ஞையை ஈதர்நெட் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது மோடத்தின் முதல் வேலை. எக்ஸ்சேஞ்சுக்கு நம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி உள்ளே நுழைவது இரண்டாவது வேலை. இதற்கு பி.பி.பி.ஓ.ஈ. என்று பெயர், 1999-இல் வகுக்கப்பட்ட முறை. கிடைத்த ஒரே இணைய முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டு, வெளியாரை உள்ளே விடாமல் வாசலில் நிற்பது மூன்றாவது வேலை. ரவுட்டர் முறையில் மோடம் மூன்றையும் தானே செய்யும். பிரிட்ஜ் முறையில் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மற்ற இரண்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரோ தனி ரவுட்டரோ பார்த்துக்கொள்ளும். ஆறு கடக்கப் பாலம் போட்டவர் பாலத்தில் நின்று டிக்கெட் கேட்க வேண்டியதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்த நாளில் பிரிட்ஜ் முறைக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. அதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஹோம் 250 திட்டத்தில் மாதத்துக்கு 400 எம்.பி.தான். ஜி.பி. இல்லை, எம்.பி. தாண்டினால் தொடக்கத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு ரூபாய்க்கும் மேலாகக் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்தால், வேலை முடிந்ததும் டிஸ்கனெக்ட் அழுத்தி மீட்டரை நிறுத்திவிடலாம். மோடத்தை ரவுட்டர் முறைக்கு மாற்றிய வீடுகளில் இணைப்பு இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தே கிடந்தது. யாரும் தொடாமலே விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் அது நடந்தது, தவறு முழுக்க என்னுடையது. மோடத்தை மாற்றி வைத்தவன் நான், வைரஸ் மென்பொருளைத் தானாகப் புதுப்பிக்கச் சொன்னவனும் நான். அந்த மாதம் வீட்டில் மீன் வாங்கும் நாள்கள் குறைந்தன என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஹோம் 500 திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்று வந்தபோது ஊரே மாறிப்போனது. அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து டயல் செய்தவர்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் விண்டோஸில் ராஸ்டயல் என்ற கட்டளையை நேரம் குறித்து வைத்து, கம்ப்யூட்டரே 2.05-க்கு இணைந்து 7.50-க்குத் துண்டிக்கும்படி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இதுவும் பிரிட்ஜ் முறையில்தான் சாத்தியம். 2007 ஜனவரியில் வேகம் 2 எம்.பி.பி.எஸ். ஆனபோது வேறு வகை வேதனை: 400 எம்.பி.யை அரை மணி நேரத்தில் தின்று முடித்துவிடலாம்.

பிறகு மடிக்கணினி வந்தது, கைபேசி வந்தது. ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் என்ற காலம் போனது. வைஃபை உள்ள மோடங்கள் வந்தன: டி-லிங்க் 2730யூ, டி.பி.-லிங்க் டபிள்யூ8961, பீட்டெல் 450 என்று. இப்போது ரவுட்டர் முறைதான் வசதி. எல்லாரும் மாறினோம், நானும்தான்.

அந்த வசதியோடு சேர்ந்து வந்த சங்கடத்தை நாம் கவனிக்கவில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் வைஃபைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அரசே சொல்லத் தொடங்கியது. நாம் வைஃபைக்குப் பூட்டுப் போட்டோம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தை மறந்தோம். 192.168.1.1 என்று அடித்து, பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று கொடுத்தால் திறக்கும் பக்கம் அது. 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் ஒரு குறையை வெளியிட்டது. மோடங்களின் அமைப்புப் பக்கத்தை இயக்கும் ராம்பேஜர் என்ற மென்பொருளின் பழைய பதிப்பில் ஓட்டை. உலகெங்கும் 1 கோடியே 20 லட்சம் கருவிகள் அதில் மாட்டியிருந்தன. அவற்றுள் நாம் வீட்டில் வைத்திருந்த வகைகளும் உண்டு. பிறகு 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே நடந்தது. கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்களைத் தீம்பொருள் ஒன்று தாக்கியது. சுமார் 60,000 மோடங்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வாடிக்கையாளர்கள் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது.

இந்த இடத்தில்தான் நான் மறுபடி பிரிட்ஜ் முறைக்கு வந்தேன். பிரிட்ஜில் இருக்கும் மோடத்துக்கு வெளி உலகில் முகவரியே கிடையாது. முகவரி பின்னால் இருக்கும் ரவுட்டருக்குத்தான் போகிறது. எனவே வெளியிலிருந்து மோடத்தின் கதவைத் தட்ட யாராலும் முடியாது. அந்த மோடம் பத்து வருடப் பழசாக இருக்கலாம், நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பதை நிறுத்தியிருக்கலாம், பெரிய கவலை இல்லை. வாசலில் நிற்கும் வேலையைப் புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும் ஒரு நல்ல ரவுட்டருக்குக் கொடுத்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. பழைய மோடங்களின் நினைவகம் சிறியது. நான்கு கைபேசி, ஒரு டி.வி., இரண்டு கேமரா என்று சேர்ந்ததும் சூடாகித் திணறும். வேலையைக் குறைத்தால் ஆயுசும் கூடும்.

சரி, எதை வாங்குவது? பிரிட்ஜ் முறைக்கென்று வாங்குகிறீர்கள் என்றால் விலை கூடிய மோடம் தேவையில்லை. ஒரே ஒரு ஈதர்நெட் துளை உள்ள, வைஃபை இல்லாத சாதா மோடம் போதும். டி-லிங்க் 2520யூ, டி.பி.-லிங்க் டி.டி.-8816 போன்றவை அந்த வகை. இப்போது கடைகளில் புதிது கிடைப்பது அரிது. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். தொலைபேசிக் கம்பி நுழையும் சின்னத் துளை, அதாவது ஆர்.ஜே. 11, இருக்கிறதா? வளைகுடாவிலிருந்து மகன் அன்போடு வாங்கி வந்த அழகான கருவியில் அது இல்லாமல் போய், வெறும் ரவுட்டராக இருந்த கதை நம் தெருவிலேயே இரண்டு. அடுத்தது அனெக்ஸ் ஏ என்று போட்டிருக்க வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் விற்கும் அனெக்ஸ் பி வகை நம் லைனில் ஓடாது. மூன்றாவது, வேறு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த மோடமானால் அமைப்புப் பக்கம் பூட்டப்பட்டிருக்கலாம். வாங்கும் முன் திறந்து, வேன் பக்கத்தில் பிரிட்ஜ் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைக்கும்போது முதலில் உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை மோடத்துக்குள்ளேயே விட்டுவிட்டு ரீசெட் அழுத்தியவர்கள் பல நாள் அலைந்திருக்கிறார்கள். பி.எஸ்.என்.எல். லைனுக்கு வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. பழைய பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பை நீக்கிவிட்டு, அதே எண்களில் பிரிட்ஜ் இணைப்பு ஒன்றை உருவாக்குங்கள். மோடத்தின் வைஃபையையும் டி.ஹெச்.சி.பி.யையும் அணைத்துவிடுங்கள். மோடத்தின் உள் முகவரியும் ரவுட்டரின் உள் முகவரியும் இரண்டும் 192.168.1.1 ஆக இருந்தால் பின்னால் மோடத்தின் பக்கத்தைத் திறக்க முடியாது; ஒன்றை மாற்றி வையுங்கள். பிறகு மோடத்திலிருந்து ஒரு கேபிள் ரவுட்டரின் வேன் துளைக்கு. ரவுட்டரில் பி.பி.பி.ஓ.ஈ. தேர்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் முடிந்தது. எம்.டி.யூ. அளவு 1492 என்று இருக்கட்டும். 1500 என்று இருந்தால் சில தளங்கள், குறிப்பாக வங்கித் தளங்கள், பாதி திறந்து நின்றுவிடும். இதற்கு வங்கியைத் திட்டிப் பயனில்லை.

புது மோடம் போட்டும் வேகம் வரவில்லையா? மோடத்தின் பக்கத்தில் இரண்டு எண்கள் பாருங்கள். எஸ்.என்.ஆர். மார்ஜின் 6-க்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறுபடும். அட்டென்யுவேஷன் 60-ஐ நெருங்கினால் லைன் நீளம் கூடுதல் அல்லது எங்கோ இணைப்புப் பழுது. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கடற்காற்று செம்பை விடாது. டி.பி. பெட்டியைத் திறந்தால் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். அதைச் சுரண்டி மறுபடி முறுக்கினாலே வேகம் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சுரண்ட ஆள் வேண்டுமே என்பதுதான் இன்றைய பிரச்சினை. 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் நாடு முழுதும் 78 ஆயிரத்துக்கும் அதிகமான பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்தக் கம்பி எந்தச் சந்து வழியாகப் போகிறது என்று மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்கள் பலர் அதில் போனார்கள்.

எனவே நேர்மையாகச் சொல்கிறேன்: இன்றைக்குப் புது டி.எஸ்.எல். மோடத்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறச் சொல்லி எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், நம் வீடுகளும் ஒன்றொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. பணத்தை ரவுட்டரில் போடுங்கள். பிரிட்ஜ் முறையில் பழகிய வீட்டுக்கு இது பெரிய லாபம். நாளைக்கு ஃபைபர் வந்தால் மோடம் போய், ஓ.என்.டி. என்ற பெட்டி வரும். அதையும் பிரிட்ஜில் வைக்கலாம். உங்கள் ரவுட்டர், வைஃபை பெயர், கேமரா, டி.வி. எதையும் தொட வேண்டாம். ஓ.என்.டி.யை மட்டும் தெரியாமல் கடையில் வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கு வரும் லைன் ஜிபான் வகையா ஈபான் வகையா என்று கேட்டு, அதன் எண்ணை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் ஓடும். தொலைபேசித் துளை இல்லாத ஓ.என்.டி. வாங்கினால் லேண்ட்லைனும் ஊமையாகிவிடும்.

பழைய நம்பரை விட மனமில்லாத அந்த அம்மாவுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஃபைபருக்கு மாறும்போது அதே நம்பரைக் கேட்டு வாங்கலாம். 04651 என்று தொடங்கும் அந்த எண்ணை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். செம்புக் கம்பியில் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து, 48 வோல்ட் அளவில், கம்பி வழியாகவே வந்தது. வீட்டில் கரண்டு இல்லாவிட்டாலும் போன் அடித்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது மாவட்டமே பல நாள் இருட்டில் கிடந்தது. கைபேசிக்குச் சார்ஜ் இல்லை, டவருக்கும் உயிர் இல்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சேதி கிடைக்காதா என்று வீட்டுக்கு வீடு தவித்த நாள்கள். அப்போது கம்பி அறுபடாமல் தப்பிய லேண்ட்லைன் வீடுகளுக்குப் பக்கத்து வீட்டாரெல்லாம் வந்து போனார்கள். ஃபைபரில் அந்த வசதி இல்லை. கரண்டு போனால் ஓ.என்.டி. போகும், அதோடு போனும் போகும். எனவே மாறுகிறவர்கள் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஓ.என்.டி.யையும் ரவுட்டரையும் அது சில மணி நேரம் தாங்கும்.

கடைசியாக இடி. ஐப்பசி, கார்த்திகையிலும், பங்குனி, சித்திரைக் கோடை மழையிலும் வானம் கறுத்தாலே மோடத்தின் பவரை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கி வையுங்கள். மோடத்தைக் கொல்வது பெரும்பாலும் கரண்டு வழியாக வருவதல்ல, அந்தக் கம்பி வழியாக வருவதுதான்.

சங்க அலுவலக அலமாரியில் ஃபைபருக்கு மாறிய வீட்டார் கொடுத்த நான்கு பழைய மோடங்கள் இருக்கின்றன. நான்கையும் சோதித்துப் பார்த்தேன், மூன்று ஓடுகின்றன, மூன்றிலும் பிரிட்ஜ் உண்டு. தேவைப்படுகிறவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ஃபைபர் வந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், அடாப்டரையும் சேர்த்து.